ஒரு சாண் மண்

இரத்தினபுரியில் மண்ணின் ஆழத்தைப் பற்றி எவருக்கும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. மாணிக்கக் குழி வெட்டுகிறவர்கள் அதற்குள் அன்றாடம் இறங்கி ஏறுகிறார்கள். இறப்பர் மரக் கட்டைகளை நாற்புறமும் அடுக்கி, இடுக்குகளில் கெக்கில்லப் பன்னத்தைத் திணித்து, பக்கம் சரியாதபடி காவல் செய்துகொண்டு கீழே போகிறார்கள். முதலில் கருத்த மேல்மண் வருகிறது. பிறகு மஞ்சளும் சிவப்புமாகக் களி, அதற்கும் கீழே மணலும் சேறும். கடைசியில் வருவது ‘இல்லம்’ என்று அவர்கள் அழைக்கும் பரல் படை. நீலக்கல்லும் புஷ்பராகமும் வைடூரியமும் கிடப்பது அந்த இல்லத்தில்தான். அதை எட்டுவதற்காக மேலே உள்ள அத்தனையும் வாரி ஒதுக்கப்படுகிறது.

அப்படி முதலில் ஒதுக்கப்படுவது கருத்த மேல்மண். மனிதரின் மதிப்பில் அது குழிக்குக் குறுக்கே கிடக்கும் தடை. செடியின் மதிப்போ நேர் எதிரானது. ஒரு புல்லோ தேயிலைச் செடியோ உயிர் வாழத் தேவையான நைதரசனிலும் பொசுபரசிலும் பெரும்பங்கு அந்த மேல் ஒரு சாணுக்குள் இருக்கிறது. இல்லம் எத்தனை அடி ஆழத்தில் கிடந்தாலும் தேடி எடுத்துவிடலாம். போன மேல்மண்ணை எந்த ஆழத்திலும் தேடி எடுக்க முடியாது. சப்ரகமுவையின் காய்ந்த புல்மலைகளிலும் அவற்றை அடுத்துள்ள தோட்டங்களிலும் இந்த ஒரு சாண் மண் எப்படி உருவானது, அதில் எந்தச் சத்து எந்த ஆழத்தில் தங்குகிறது, அது ஏன் அங்கே தங்குகிறது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

மலையின் காய்ந்த பக்கம்

சப்ரகமுவை என்றதும் மழைதான் நினைவுக்கு வரும். இரத்தினபுரி நகரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பெய்கிறது. எட்டியாந்தோட்டை, தெரணியகல பக்கத்து மலைகளிலும் மழைக்குக் குறைவில்லை. ஆனால் இரத்தினபுரியிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் ஏ4 வீதியில் பலாங்கொடையைத் தாண்டிக் கிழக்கே போகப் போக நிலத்தின் முகம் மாறுகிறது. இம்புல்பே, பெலிஹுல்ஓயா பக்கத்தில் மலைச்சரிவுகள் மரமின்றி, இடுப்பளவு புல்லோடு நிற்கின்றன. மேலே ஹோர்ட்டன் சமவெளியின் விளிம்பான உலக முடிவு செங்குத்தாக நிற்க, அதன் அடியில் நன்பெரியல் தேயிலைத் தோட்டம் கிடக்கிறது.

இங்கே தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு வந்து சேர்கிறது. ஆகவே யூன் முதல் செப்டெம்பர் வரை வீசுவது உலர்ந்த, பலத்த காற்று. நல்ல மழை ஒக்டோபர் முதல்தான். அந்தக் காற்றின் வலுவுக்கு மண்ணுக்குள்ளேயே சான்று இருக்கிறது. பலாங்கொடைக்குத் தெற்கே சமனலவெவப் பகுதியில், தென்மேற்குக் காற்றை நேராக வாங்கும்படி மேற்கு நோக்கிக் கட்டப்பட்ட பழைய இரும்பு உருக்கு உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் கண்டறிந்தார். துருத்தி இல்லாமல் பருவக்காற்றைக் கொண்டே இயங்கிய அந்த உலைகளைப் பற்றிய கட்டுரை 1996இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கி.பி. முதலாயிரத்தின் பிற்பகுதியிலேயே இந்தச் சரிவுகளில் இரும்பு உருக்கினார்கள். இந்தக் காற்றையும் இரும்பையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மண்ணின் சத்துக் கதையில் இரண்டும் மீண்டும் வரும்.

இந்தப் புல்வெளிகளைத் தோட்டத்து மக்கள் பத்தனை என்கிறார்கள். தாவரவியலாளர் எச். எச். டபிள்யூ. பியர்சன் 1899இல் இலங்கைப் பத்தனைகளைப் பற்றி விரிவாக எழுதியபோது அவற்றை ஈரப் பத்தனை, உலர் பத்தனை என இரண்டாகப் பிரித்தார். ஹோர்ட்டன் சமவெளியில் இருப்பது ஈரப் பத்தனை. பெலிஹுல்ஓயாவிலும் ஊவாவிலும் உயரம் குறைந்த சரிவுகளில் இருப்பது உலர் பத்தனை. உலர் பத்தனையில் மானாப்புல் ஓங்கி நிற்கும். இன்னும் தாழ்ந்த இடங்களில் புல்லுக்கு நடுவே நெல்லி, கடுக்காய், தான்றி, வேங்கை போன்ற மரங்கள் அங்கங்கே தனித்தனியாக நிற்கும். காய்ந்த காலமும் நெருப்பும் இந்த மரங்களைக் கொல்வதில்லை. தடித்த பட்டை அவற்றைக் காப்பாற்றுகிறது.

வெட்டிப் பார்த்தால்

பத்தனையில் இடுப்பளவு குழி ஒன்றை வெட்டி, அதன் ஒரு பக்கத்தைச் செங்குத்தாகச் சீவிவிட்டால் மண்ணின் பக்கப்பார்வை கிடைத்துவிடும். மேலே அடர்ந்த சல்லிவேர்களும் கரும்பழுப்பு மண்ணும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அங்கே விரலால் நெருக்கினால் மண் உதிரும். ஒரு சாணுக்குக் கீழே நிறம் வெளுத்து மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறும், களி கூடும், வேர் குறையும். அதற்கும் கீழே பாறை பாதி மண்ணாகிக் கிடக்கும். அதில் பாறையின் பழைய வரிகள்கூடத் தெரியும். கை வைத்தால் நொறுங்கிவிடும்.

மண்ணை இப்படிப் படைபடையாகப் படிக்கும் அறிவியல் பிறந்ததே ஒரு காய்ந்த புல்வெளியில்தான். ரஷ்யாவின் புல்சமவெளிகளில் கரிய மண்ணை ஆராய்ந்த வசீலி தக்குச்சாயெவ் 1883இல் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். மண் என்பது வெறும் பொடிந்த பாறையன்று. காலநிலை, உயிர்கள், பாறை, நிலத்தின் சாய்வு, காலம் ஆகியவை சேர்ந்து படைத்த தனிப்பொருள் என்பது அவர் கண்டது. இலங்கையில் எஃப். ஆர். மூர்மனும் சி. ஆர். பானபொக்கவும் 1961இல் நாட்டின் மண்களை நவீன முறையில் வகைப்படுத்தினார்கள். ஈரவலயத்தில் பரந்து கிடக்கும் செம்மஞ்சள் பொட்சோலிக் மண் அந்த வகைப்பாட்டில் வந்த பெயர். சப்ரகமுவைத் தோட்டங்களில் பெரும்பாலானவை இந்த மண்ணின்மேல்தான் நிற்கின்றன.

ரஷ்யப் புல்சமவெளியில் கரிய படை ஒரு மீற்றர் வரைகூட இறங்கும். பெலிஹுல்ஓயாப் பத்தனையிலோ அது ஒரு சாண், சில இடங்களில் அதைவிடக் குறைவு. இரண்டும் புல்வெளிதான். ஆனால் அங்கே குளிர் உக்கலைச் சிதையவிடாமல் நூற்றாண்டுகளாகச் சேமித்தது; நிலம் தட்டையாக இருந்ததால் மழை அதை அள்ளிக்கொண்டு போகவில்லை. இங்கே ஆண்டு முழுவதும் வெப்பம், செங்குத்தான சரிவு, பருவத்தில் கொட்டும் மழை, அதோடு அடிக்கடி தீ. உண்டாகும் சேதனப் பொருளில் பெரும்பகுதி தங்குவதற்குள் போய்விடுகிறது.

உலக அளவில் பார்த்தால் இந்தப் படிவத்துக்கு எண்கள் உண்டு. எஸ்தெபான் யொப்பாகியும் ரொபர்ட் ஜாக்சனும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, மண்ணின் முதல் ஒரு மீற்றரில் உள்ள சேதனக் காபனில் சராசரியாகக் காடுகளில் 50 சதவீதமும் புல்வெளிகளில் 42 சதவீதமும் புதர்நிலங்களில் 33 சதவீதமும் மேல் 20 சென்ரிமீற்றருக்குள் இருக்கின்றன. காட்டில் உதிரும் இலை மேலேயே விழுந்து உக்குகிறது. புல்லில் காபனின் பெரும்பகுதி வேராக மண்ணுக்குள்ளேயே பிறந்து அங்கேயே மடிகிறது. அதனால்தான் புல்வெளி மண்ணில் காபன் சற்று ஆழமாகப் பரவி இருக்கிறது. சரிவுகளில் புல்லின் அருமை இங்கே தொடங்குகிறது: அது மண்ணின் மேல் மட்டுமன்றி உள்ளேயும் உக்கலைச் சேர்க்கிறது.

எது மேலே, எது கீழே

சத்துகள் எல்லாம் ஒரே மாதிரி ஆழத்தில் பரவுவதில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு விசைகள் எதிரெதிரே இழுக்கின்றன. மழைநீர் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. வேர் உறிஞ்சி மேலே கொண்டுவருகிறது. துலாக் கிணற்றில் வாளி கீழே போய் நிறைந்து மேலே வந்து கொட்டுவதுபோல், ஆழத்து வேர் எடுத்த சத்து தண்டிலும் இலையிலும் ஏறி, இலை உதிரும்போது நிலத்தின் மேல் கொட்டப்படுகிறது. இந்த இறைப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடந்தால், செடிக்கு எது மிகவும் வேண்டியதோ அது மேலே குவிந்துவிடும்.

யொப்பாகியும் ஜாக்சனும் 2001இல் ஏறத்தாழ 10,000 மண் பக்கப்பார்வைகளின் தரவுகளைத் திரட்டி இதைச் சோதித்தார்கள். மேற்பரப்பில் மிக இறுக்கமாகக் குவிந்திருந்தது பொசுபரசு. அடுத்தது பொற்றாசியம். பிறகு கல்சியம், மகனீசியம். சோடியமும் குளோரைட்டும் சல்பேற்றும் ஆழத்தில் மிகுந்திருந்தன. செடிக்குப் பற்றாக்குறையானது மேலேயும் செடி பொருட்படுத்தாதது கீழேயும் அமைந்திருந்தது. நீர் மட்டும் தனியே ஆண்டிருந்தால் எளிதில் நகரும் பொற்றாசியம் கல்சியத்துக்கும் மகனீசியத்துக்கும் கீழே போயிருக்க வேண்டும். அது மேலே இருப்பது வேரின் வேலை.

இனி ஒவ்வொன்றையும் நம் மலையில் வைத்துப் பார்க்கலாம்.

நைதரசன் பெரும்பாலும் உக்கலோடு ஒட்டியே இருக்கிறது. ஆகவே கரிய படை எதுவரையோ நைதரசனும் அதுவரை. ஒரு சாணுக்குக் கீழே இரண்டும் சேர்ந்தே குறைகின்றன. உக்கலிலிருந்து நுண்ணுயிர்கள் அதை நைத்திரேற்றாக மாற்றியதும் அது நீரில் கரைந்து நகரத் தொடங்கும். ஆனால் இந்தச் சிவந்த அமில மண்ணுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. ஆழத்தில், உக்கல் குறைந்த படையில், இரும்பு அலுமினிய ஒட்சைட்டுகளின் மேற்பரப்பு நேரேற்றம் பெறுகிறது. அது எதிரேற்றம் கொண்ட நைத்திரேற்றையும் சல்பேற்றையும் ஓரளவு பிடித்துவைக்கும். ஆழமான வேர் உள்ள செடிக்கு அது கிடைக்கும். மேலோட்டமான வேர் உள்ள செடிக்கு எட்டாது.

பொசுபரசு கிட்டத்தட்ட நகர்வதே இல்லை. மண்ணைச் சிவப்பாக்கும் அதே இரும்பு ஒட்சைட்டு பொசுபரசைக் கண்டதும் பிடித்துக் கட்டிவிடுகிறது. சமனலவெவ உலைகளுக்குத் தீனி கொடுத்த நிலம் செடிக்குப் பொசுபரசைக் கொடுக்க மறுக்கும் நிலமாகவும் இருக்கிறது. கட்டப்படாமல் மிஞ்சியிருப்பது உக்கலில் உள்ள பொசுபரசு. அது மேல் சில அங்குலங்களில்தான் இருக்கிறது. வேரோடு வாழும் பூஞ்சை இழைகள் அதைத் தேடி எடுத்துக் கொடுக்கின்றன. மேல்மண் போனால் பொசுபரசு போயிற்று. அடிமண்ணில் இருப்பதும் இரும்பின் பிடியில்தான் இருக்கும்.

பொற்றாசியத்தின் நிலை வேறு. மண்ணில் கரைந்த பொற்றாசியத்தைக் களியின் மேற்பரப்பு பிடித்துவைக்கிறது. ஆனால் நம் மலைகளின் களி பெரும்பாலும் கயோலினைற்று வகை. அதன் பிடிப்பு மிகக் குறைவு. மேல்மண்ணில் உக்கல் இருக்கும்வரை உக்கலே பிடித்துவைக்கும். உக்கல் குறைந்தால் ஒரு பருவ மழையிலேயே பொற்றாசியம் இறங்கிப் போய்விடும்.

கல்சியமும் மகனீசியமும் மழையின் கணக்கைக் காட்டிக்கொடுப்பவை. மழையைவிட ஆவியாதல் மிகுந்த காய்ந்த நிலங்களில் நீர் ஓர் ஆழம் வரை இறங்கி அங்கேயே நின்று காய்கிறது. கரைத்துக்கொண்டு வந்த கல்சியத்தை அங்கே சுண்ணாம்பாக இறக்கிவைக்கிறது. மன்னார் முருங்கன் பகுதியின் கரிய களிமண்ணிலும் தமிழ்நாட்டுக் கோவில்பட்டிக் கரிசலிலும் கீழ்ப்படையில் காணும் சுண்ணாம்புக் குருணைகள் அப்படி வந்தவையே. சப்ரகமுவையில் அவற்றைக் காண முடியாது. உலர் பத்தனையில்கூட ஒக்டோபர் மழை கல்சியத்தை மண்ணைவிட்டே வெளியேற்றும் அளவுக்கு இறங்குகிறது. அதனால்தான் இந்த மண் அமிலம். கீழே போகப் போக அமிலத்தோடு அலுமினியமும் கரைந்து பல பயிர்களின் வேர்நுனியைக் கருக்கிவிடும். தேயிலை விதிவிலக்கு. அது அலுமினியத்தை உறிஞ்சித் தன் முதிர்ந்த இலைகளில் சேர்த்துவைத்துக்கொண்டு வாழும்.

மேலே உணவு, கீழே நீர்

காய்ந்த புல்வெளியில் செடியின் பெரிய இக்கட்டு இனித்தான் வருகிறது. யூனில் காற்று வீசத் தொடங்கியதும் மேல் ஒரு சாண் மண் முதலில் காய்கிறது. சத்து அங்கேதான் இருக்கிறது. ஆனால் நீர் இல்லாமல் வேரால் சத்தை எடுக்க முடியாது. நீரோ அரை மீற்றருக்குக் கீழே இருக்கிறது, அங்கே சத்து இல்லை. உணவு ஒரு தளத்தில், நீர் வேறொரு தளத்தில். மண்பரிசோதனையில் சத்து நிறைந்திருப்பதாகக் காட்டும் நிலத்தில் செடி பட்டினியாக நிற்பது இதனால்தான்.

புல்லும் மரமும் இதற்கு வெவ்வேறு விடை கண்டன. உலகெங்கும் கிடைத்த வேர் அளவீடுகளைத் தொகுத்து 1996இல் ஜாக்சனும் கூட்டாளிகளும் வெளியிட்ட கணக்கில், மிதவெப்பப் புல்வெளிகளின் வேர்த்திணிவில் 83 சதவீதம் மேல் 30 சென்ரிமீற்றரில் இருந்தது. மரமும் புல்லும் கலந்த வெப்பவலயப் புல்வெளிகளில் அது 57 சதவீதம். மீதியை ஆழத்துக்கு அனுப்பியதில் மரங்களுக்குப் பெரிய பங்குண்டு. புல் மேல்மண்ணைப் பற்றிக்கொண்டு மழைக்காலத்தில் விரைந்து உண்டு வளர்கிறது. வறட்சி தொடங்கியதும் இலைகளில் உள்ள நைதரசனையும் பொசுபரசையும் இழுத்துத் தூரிலும் வேரிலும் பத்திரப்படுத்துகிறது. ஓகஸ்டில் பொன்னிறமாகத் தெரியும் மானாவில் சத்து குறைவு. மாடுகள் அதைத் தொடாமல் ஒதுங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மரம் இரண்டு தளத்திலும் வேர் விடுகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு பாலைப்புதரை ஆராய்ந்த ஜே. எச். ரிச்சர்ட்சும் எம். எம். கால்ட்வெல்லும் 1987இல் வியப்பான ஒன்றைத் தெரிவித்தார்கள். இரவில் ஆழத்து வேர் எடுத்த நீர், மேல் வேர்களின் வழியாகக் காய்ந்த மேல்மண்ணில் கசிகிறது. காலையில் செடி அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பின்னர் இதே நடத்தை பல நாட்டு மரங்களில் கண்டறியப்பட்டது. மேல்மண்ணின் சத்தை வறட்சியிலும் ஓரளவு எடுக்க இது வழி செய்கிறது. புல்வெளியில் தனித்து நிற்கும் ஒரு மரத்தின் நிழலில் மண் வளமாக இருப்பதை உலகின் பல சவன்னாக்களில் அளந்திருக்கிறார்கள். ஆழத்திலிருந்து இறைத்த சத்தும் உதிர்ந்த இலையும் அங்கே வந்து தங்கிய பறவை, விலங்குகளின் எச்சமும் சேர்ந்த பயன் அது.

கறையானையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். புற்றுக் கட்டக் கீழ்ப்படைக் களியை வாயால் சுமந்து மேலே கொண்டுவருவது கறையான். புற்று சரிந்து கரையும்போது அந்தக் களியும் அதில் சேர்ந்த உக்கலும் மேல்மண்ணில் பரவுகின்றன. நம் முன்னோர் புற்றுமண்ணை வயலுக்கும் தோட்டத்துக்கும் அள்ளிக்கொண்டு போனது காரணமில்லாமல் அல்ல.

நெருப்பு எடுப்பதும் கொடுப்பதும்

ஒவ்வோர் ஆண்டும் காய்ந்த பருவத்தில் பத்தனைகள் எரிகின்றன. இளம்புல் வரட்டும் என்று மாடு வளர்ப்பவர் வைக்கும் தீயும் உண்டு, வேட்டைக்காரர் வைக்கும் தீயும் உண்டு, கவனக்குறைவில் பற்றிய தீயும் உண்டு.

புல்தீ வேகமாகக் கடந்துவிடும். அதன் வெப்பம் மண்ணுக்குள் சில சென்ரிமீற்றருக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. தூர் உயிரோடிருக்கும், மழை வந்ததும் துளிர்க்கும். அதனால் தீயால் தீங்கில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சத்தின் கணக்கு வேறு. எரியும் தாளில் உள்ள நைதரசனில் பெரும்பகுதி வாயுவாகிக் காற்றோடு போகிறது. பொசுபரசும் பொற்றாசியமும் கல்சியமும் சாம்பலாகி நிலத்தின் மேல் தங்குகின்றன. மழை மெல்ல வந்தால் அந்தச் சாம்பல் மேல்மண்ணுக்குள் இறங்கி முதல் துளிருக்கு உதவும். மழைக்கு முன்னால் காற்று வந்தால் சாம்பல் பறக்கும். முதல் மழையே பெருமழையானால் மூடாக்கு இல்லாத சரிவில் சாம்பலும் மேல்மண்ணும் சேர்ந்து வளவை கங்கைக்குப் போகும். பெலிஹுல்ஓயாச் சரிவுகளில் காற்று, சரிவு, ஒக்டோபர்ப் பெருமழை மூன்றும் ஒருங்கே இருக்கின்றன. ஆண்டுதோறும் எரியும் பத்தனையில் கரிய படை மெலிந்துகொண்டே போவதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் பத்தனை முழுவதும் மனிதன் எரித்து உண்டாக்கியதா? இந்தக் கேள்வி பியர்சன் காலத்திலிருந்தே இருக்கிறது. இலங்கை மண் வேதியியலின் முன்னோடிகளான ஏ. டபிள்யூ. ஆர். ஜோகிமும் எஸ். கந்தையாவும் 1942இல் அருகருகே இருக்கும் வெவ்வேறு தாவரக் கூட்டங்களின் மண்களை ஒப்பிட்டு எழுதினார்கள். பிற்காலத்தில் இதற்கு ஆழமே விடை சொல்லத் தொடங்கியது. வெப்பவலயப் புற்களும் மரங்களும் காபனை வெவ்வேறு வேதிவழிகளில் பிடிக்கின்றன. ஆகவே அவற்றின் உக்கலில் பாரமான காபனின் பங்கு வேறுபடும். ஆழம் கூடக் கூட உக்கலின் வயதும் கூடும். நீலகிரிச் சதுப்புகளில் ராமன் சுகுமாரும் கூட்டாளிகளும் இம்முறையில் செய்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. கடந்த 20,000 ஆண்டுகளில் காலநிலை மாற மாறப் புல்லின் ஆதிக்கம் ஏறி இறங்கியதை அது காட்டியது. மலைப்புல்வெளிகள் தோட்டக் காலத்துக்கு மிகவும் முந்தியவை என்பது உறுதியாயிற்று. ஆனால் தாழ்ந்த சரிவுகளில் இன்று காணும் பத்தனைகள் பலவற்றைத் தீயே காடாக விடாமல் வைத்திருக்கிறது. இவ்விரண்டும் ஒருங்கே உண்மை.

காட்டுமலை தேயிலைமலை ஆனபின்

19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் காடுகள் வெட்டப்பட்டபோது, அந்த ஒரு சாண் மண் முதன்முறையாக வெறுமையாக நின்றது. களையைச் சுரண்டித் துப்புரவாக வைத்திருப்பதே நல்ல தோட்டம் என்று அப்போதைய துரைமார் எண்ணினார்கள். கோப்பியும் தேயிலையும் வந்த பிறகு மலைநாட்டுச் சரிவுகளில் சராசரியாக 30 சென்ரிமீற்றர் மேல்மண் போயிருக்கும் என்று மண்காப்பு ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு சாணுக்கும் மேல். அதாவது, இன்றைய தேயிலைத் தூர்கள் பலவும் நிற்பது அன்றைய அடிமண்ணில். நாட்டில் மண்காப்புச் சட்டம் வந்தது 1951இல். அதற்குள் போகவேண்டியதில் பெரும்பகுதி போயிருந்தது.

பறிக்கும் கொழுந்தும் மண்ணைச் சுமந்துகொண்டு போகிறது. தயாரித்த தேயிலை 100 கிலோவில் ஏறத்தாழ 4 கிலோ நைதரசனும் 2 கிலோ அளவு பொற்றாசியமும் இருக்கின்றன. காட்டில் உதிர்ந்த இலை அதே இடத்தில் விழுந்தது. கொழுந்தோ கொழும்பு வழியாக உலகச் சந்தைக்குப் போகிறது. கேகாலை மாவட்டத்தின் இறப்பர் இதில் வேறுபட்டது. இறப்பர் பாலின் திடப்பொருள் பெரும்பாலும் காபனும் ஐதரசனும் மட்டுமே. பால் வெட்டுவதால் மண்ணின் சத்து அதிகம் குறையாது. ஆண்டுக்கு ஒருமுறை மரம் இலையை முழுவதுமாக உதிர்த்து மேல்மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. இளமரங்களுக்கு நடுவே வளர்க்கும் அவரைக் குடும்பக் கொடிகள் காற்றின் நைதரசனை மண்ணில் சேர்க்கின்றன. ஆபத்து வருவது மரத்தை வெட்டி நிலத்தைத் திறந்து மறுநடுகை செய்யும் காலத்தில்தான்.

உரம் போட்டால் தீராதா என்று கேட்கலாம். உரம் வேண்டும். 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்ட பின் தேயிலை விளைச்சல் எப்படி விழுந்தது என்பதை நாடு கண்டது. ஆனால் உரத்தைப் பிடித்துவைப்பது மேல்மண்ணின் உக்கல்தான். உக்கல் இல்லாத சரிவில் போட்ட நைதரசனும் பொற்றாசியமும் கானில் ஓடுகின்றன. பொசுபரசு இரும்பிடம் சிக்கிக்கொள்கிறது. இன்னொன்றும் உண்டு. பழைய விதைத் தேயிலைக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும். இன்று தவறணையில் துண்டு வைத்து வளர்க்கும் வீ.பி. தேயிலைக்கு ஆணிவேர் இல்லை, அதன் வேர்கள் மேலோட்டமாகவே பரவுகின்றன. விளைச்சலில் அது சிறந்தது. ஆனால் ஆழத்திலிருந்து இறைத்துக் கொள்ளும் ஆற்றலில் குறைந்தது. ஆகவே மேல்மண் மெலிந்த மலையில் அதற்குத்தான் முதல் அடி விழும்.

மருந்து நம் கைக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கிறது. அது புல். கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கியபின் உடனே நடாமல், 18 முதல் 24 மாதங்கள் வரை குவாத்தமாலாப் புல்லையோ மானாவையோ வளர்க்கும்படி தேயிலை ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாக அறிவுறுத்துகிறது. இந்த நிலையம் 1925இல் தொடங்கப்பட்டது. தாழ்நிலத் தேயிலைக்கான அதன் பிராந்திய நிலையம் இரத்தினபுரி ஹிதெல்லனையில் இருக்கிறது. அந்தப் புல்லை அவ்வப்போது வெட்டி அங்கேயே மூடாக்காக விடவேண்டும். அப்போது வேர் மண்ணுக்குள் உக்கலைச் சேர்க்கும், வெட்டிய தாள் மேலே உக்கும், கீழே இறங்கிய பொற்றாசியம் மேலே ஏறும். உலர் பத்தனையில் இயற்கை பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்ததை இரண்டே ஆண்டுகளில் ஓரளவு செய்து காட்டும் முறை இது. நன்பெரியலுக்குக் கீழே தானாக வளரும் மானாவும், தோட்டத்தில் நட்டு வளர்க்கும் மானாவும் மண்ணுக்குச் செய்யும் தொண்டு ஒன்றே.

அந்த இரண்டு ஆண்டுகளைச் சுருக்குவதிலும் புல்லை வெட்டி வெளியே கொண்டுபோவதிலும் இலாபம் பார்ப்பவர்கள், அடுத்த 40 ஆண்டு விளைச்சலை விற்கிறார்கள். கவ்வாத்தில் வெட்டிய வாதுகளுக்கும் இது பொருந்தும். இலையும் மெல்லிய குச்சியும் தூருக்கு அடியிலேயே கிடக்க வேண்டியவை. லயத்து அடுப்புக்கு விறகு வேண்டும் என்பது உண்மைதான். அந்தத் தேவையைத் தேயிலையின் தூரிலிருந்து தீர்த்துக்கொள்ளும்படி தொழிலாளரை விடுவது நிர்வாகத்தின் குறை. கானோரங்களிலும் வெற்றிடங்களிலும் கிளிரிசிடியாவும் விறகு மரமும் நட்டால் இரண்டு தேவையும் தீரும். கானை ஆண்டுதோறும் துப்புரவாக்கி, அதில் தங்கிய மண்ணைக் கீழே தள்ளாமல் மேற்பக்கத் தூர்களுக்கே அள்ளிப் போட வேண்டும். அந்த மண் அதே மலையின் மேல்மண்தான்.

இந்த அத்தியாயத்திலிருந்து வாசகர் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். சப்ரகமுவை மலைகளில் ஆழத்தில் செடிக்குச் சேமிப்பு மிகச் சொற்பம். கல்சியம் கடலுக்குப் போய்விட்டது. பொசுபரசு இரும்பிடம் கட்டுண்டு கிடக்கிறது. மிஞ்சிய செல்வத்தை மேலே தூக்கி வைத்துக் காத்தது செடிகள்தான். பத்தனைக்குத் தீ வைக்காதீர்கள். நிலத்தை ஒரு மழைக்காலம்கூட வெறுமையாக விடாதீர்கள். இரண்டு ஏக்கர் சிற்றுடைமையாளரானாலும் ஆயிரம் ஏக்கர் கம்பெனியானாலும், உரமூட்டைக்குக் கணக்கு எழுதும் ஏட்டில் மேல்மண்ணின் ஆழத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு மலையிலும் ஒரு சிறு குழி வெட்டி, கரிய படை எத்தனை சென்ரிமீற்றர் என்று அளந்து அதில் எழுதுங்கள். அந்த எண் குறையாமல் இருந்தால் தோட்டம் நிலைக்கும்.